வெள்ளை டப்பாவில் இருந்த மருந்து

சினூக், மொன்டானா
ஏப்ரல் 9, 2013

ராய்ஸ்,

என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போனதாக நினைத்துக்கொள்ளாதே. எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம், நாய் உட்பட. எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். அதை உன்னிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

தெற்கு வயல் முழுக்க வளை தோண்டும் தரையணில். பனி உருகியதும் வளைகளிலிருந்து கிளம்பிவிட்டன. குதிரைமசால் தீவனம் துளிர்விட்ட இடமெல்லாம் வட்டவட்டமாக மொட்டை. வளைக்குள் காலை விட்டு ஒரு கிடாரி நொண்டிக்கொண்டிருக்கிறது. விஷம் வைத்தால் பருந்தும் நாயும் சேர்ந்து சாகும், அதனால் சுட்டுத்தான் தீர வேண்டும். நீ நிரப்பி வைத்துவிட்டுப் போன தோட்டாக்கள் போன வருஷமே தீர்ந்துவிட்டன. நிரப்ப நானே கற்றுக்கொண்டேன். தராசு இருக்கிறது, குண்டு இருக்கிறது, மருந்தைப் பற்றவைக்கும் கேப் இருக்கிறது, காலித் தோட்டாக் கூடுகள் ஒரு வாளி இருக்கின்றன. வெடிமருந்துதான் இல்லை. நாடு முழுக்கத் தட்டுப்பாடாம். "வந்த அன்னிக்கே காலியாயிடுதும்மா, நான் என்ன பண்ண" என்கிறார் கடைக்காரர்.

கொட்டகை அலமாரியில் உன்னுடைய பெரிய வெள்ளை டப்பா ஒன்று இருக்கிறது. முக்கால்வாசி நிறைந்திருக்கிறது. லேபிளைக் காணோம், கிழிந்த தடம் மட்டும் இருக்கிறது. அதன்மேல் ஒரு பட்டை ஒட்டி, பெரிய எழுத்தில் "22, நல்லது" என்று எழுதியிருக்கிறது. இது 22 அளவுக் குண்டு போடும் என் டூ-டுவென்டி-த்ரீ ரைபிளுக்கு ஆகுமா, ஆகாதா?

வடக்கு மேய்ச்சலைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் வெண்டல், "உனக்கு எதுக்கு இந்த வேலை, நானே நிரப்பிக் கொண்டாந்து தர்றேன்" என்கிறான். நான் யாருக்கும் கடமைப்பட விரும்பவில்லை.

ஒரு வரியில் பதில் எழுது. போன் செய்யாதே. போனில் நீ பாதி சொல்லிவிட்டு வைத்துவிடுவாய்.

நோரீன்

*

எல்கோ, நெவாடா
ஏப்ரல் 17

நோரீன்,

ஒரு வரி: ஆகாது. புல்தரையில் தூவிவிடு, உரமாகும்.

அந்தப் பட்டை நான் ஒட்டியதல்ல. நான் எழுதினால் மருந்தின் பெயரையும் டப்பாவைத் திறந்த மாதத்தையும் எழுதுவேன். "நல்லது" என்று எந்த முட்டாள் எழுதுவான்?

கொட்டகைக்குப் பூட்டு போடுகிறாயா? யார் யாரெல்லாம் உள்ளே போய்வருகிறார்கள்? இந்த வெண்டல் என்பவன், மனைவி இறந்த பிறகு ஊர் முழுக்க மான்கறி சாசேஜ் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தானே, அவனா?

சுரங்கத்தில் வேலை அதிகம். இதோடு நிறுத்துகிறேன்.

ராய்ஸ்

*

சினூக்
ஏப்ரல் 26

ராய்ஸ்,

நான் மருந்தைப் பற்றிக் கேட்டேன். நீ பூட்டைப் பற்றிக் கேட்கிறாய்.

நாட்டில் ஒரு ராத்தல் மருந்துக்கு ஆட்கள் கடை திறக்கும் முன்பே வரிசையில் நிற்கிறார்கள். நீ முக்கால் டப்பாவைப் புல்லில் கொட்டச் சொல்கிறாய், காரணம் சொல்லாமல். நெவாடாவில் வேலைக்குச் சேர்ந்த விஷயத்தையும் இப்படித்தான் சொன்னாய். உருளைக்கிழங்குத் தட்டை என் பக்கம் நகர்த்திக்கொண்டே, "திங்கக்கிழமை கிளம்பறேன்" என்றாய். எங்கே, எதற்கு, எத்தனை நாள் என்பதையெல்லாம் நான் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது. முழுசாகப் பிடுங்கி முடித்தபோது, போய்விட்டுத் திரும்பவே வேண்டாம் என்று சொன்னேன். புருஷனாக இருந்தபோது எப்படியோ, இன்னும் அதே ஆள்தான் நீ.

உன் கடிதத்தை வெண்டலிடம் படித்துக் காட்டினேன். ஆமாம், அதே வெண்டல்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பம் சாப்பிட வருகிறான். உனக்கு இது தெரிய வேண்டும்தானே? தெரிந்துகொள். படித்ததும் சிரித்தான். "பொறாமைம்மா அந்த ஆளுக்கு. நான் இங்க உக்காந்து சாப்பிடறது அங்க வரைக்கும் நாறுது" என்றான். நானும் சிரித்தேன்.

ஆனால் கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டு, "அந்த டப்பாவை எங்கிட்ட குடுத்துடு, நானே எங்கயாவது கொட்டிடறேன். உனக்கு எதுக்குத் தொந்தரவு?" என்றான்.

ஆக, அந்த டப்பா என் கொட்டகையில் இருக்கக்கூடாது என்பதில் மட்டும் இரண்டு ஆண்களுக்கும் ஒரே கருத்து. அது ஏன் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

டப்பாவை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டேன். எங்கே என்று உனக்கும் சொல்ல மாட்டேன். ஒரு கரண்டி எடுத்து வெள்ளைத் தட்டில், ஜன்னல் வெளிச்சத்தில் கொட்டிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் கசகசா மாதிரி உருண்டை உருண்டையாக, எல்லாம் ஒரே அளவில் இருக்கிறது. கெட்ட வாடை இல்லை. பார்க்க நல்ல மருந்தாகத்தான் தெரிகிறது.

முழுசாகக் காரணம் சொல்லாவிட்டால் இதைத்தான் நிரப்பப் போகிறேன்.

நோரீன்

*

எல்கோ
மே 3

நோரீன்,

நிரப்பாதே. இதைப் படித்து முடிக்கும்வரை அந்தத் தட்டுப் பக்கமே போகாதே. போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. என் நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். எனவே இதை அவசரத் தபாலில் அனுப்புகிறேன்.

முழுசாகச் சொல்கிறேன்.

உன் ரைபிளுக்கு நான் முதலில் உருண்டை மருந்துதான் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கூட்டின் கழுத்து அவ்வளவு ஒடுக்கம், உருண்டை மருந்து அதில் தண்ணீர் மாதிரி இறங்கும். அளந்து ஊற்றும் கருவியின் கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் ஒரே அளவு விழும், தராசே வேண்டாம் போல இருக்கும். ஆனால் அந்த மருந்துக்கு வெயில் ஆகாது. ஏப்ரலில் ஒழுங்காகச் சுடும் அதே தோட்டா, ஜூலையில் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்து சூடேறினால் பேயாக மாறிவிடும். ஒரு கோடையில் உன் ரைபிளின் பின்பக்கத்தை மூடும் போல்ட் திறக்காமல், பூட்ஸ் குதிகாலால் அடித்துத் திறந்தாயே, கேப் நசுங்கித் தட்டையாகியிருந்ததே, அது இதனால்தான். அன்றைக்கு உன்னிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ பயந்துவிடுவாய் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வெட்டுக்குச்சி மருந்துக்கு மாறினேன். உடைந்த பென்சில் முனை மாதிரி சின்னச் சின்னக் குச்சிகளாக இருக்கும். வெயிலோ குளிரோ, அதற்கு ஒன்றுதான். ஆனால் நிரப்புவது நரகம். குச்சிகள் கழுத்தில் குறுக்கே சிக்கிக்கொள்ளும், கூட்டுக்குள் பாதிதான் இறங்கும். ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துப் போட வேண்டும். சாப்பாட்டுக்கு நான் வரத் தாமதமாகிறது என்று நீ திட்டியதெல்லாம் அந்த நாட்களில்தான். அந்த வெள்ளை டப்பாவில் நான் வைத்துவிட்டு வந்தது குச்சி மருந்து.

உன் தட்டில் இருப்பது உருண்டை. அப்படியானால் அது என்னுடைய மருந்தே அல்ல. யாரோ என்னுடையதை எடுத்துக்கொண்டு வேறு எதையோ ஊற்றி வைத்திருக்கிறார்கள். அது ரைபிள் மருந்தாகவும் இருக்கலாம், கைத்துப்பாக்கி மருந்தாகவும் இருக்கலாம். இரண்டும் கசகசா மாதிரியேதான் இருக்கும். பார்த்தோ மோந்தோ ஒருவராலும் சொல்ல முடியாது. ரைபிள் மருந்து குண்டைத் தள்ளிக்கொண்டே எரியும். கைத்துப்பாக்கி மருந்து கண்ணிமைப்பதற்குள் மொத்தமாக எரிந்துவிடும். சுண்டுவிரல் அளவுக் கூட்டில் அதை நிரப்பிச் சுட்டால், போல்ட் உன் கன்னத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போதே வெடிக்கும். எங்கள் ஷிப்டில் ஒருவனுக்கு ஒரு கண் இல்லை. அவன் கதையை உனக்குச் சொல்ல மாட்டேன்.

என்னை நம்பவில்லையென்றால் சோதித்துப் பார். நான் நிரப்பிய தோட்டா ஒன்றாவது எங்காவது விழுந்து கிடக்கும், வண்டி சீட்டுக்கு அடியிலோ கோட்டுப் பையிலோ. சுத்தியல் மாதிரி இருக்குமே, குண்டை உருவும் கருவி, அதில் வைத்துத் தட்டிக் கொட்டிப் பார். குச்சி இருக்கும்.

யார் எடுத்தது என்று எனக்குத் தெரியாது. அது வெண்டலாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. அதனால் அந்த விஷயத்தில் மட்டும் நான் சொல்வதை நம்பாதே.

ராய்ஸ்

*

சினூக்
மே 14

ராய்ஸ்,

உன் பழைய கோட்டுப் பையில் ஒன்று கிடைத்தது. கோட்டை ஏன் இன்னும் வைத்திருக்கிறாய் என்று கேட்காதே, கன்று ஈனும் நேரத்தில் அதைப் போட்டுக்கொள்கிறேன். உருவிக் கொட்டினேன். குச்சிதான்.

இது நீ சொன்னதில் பாதியைத்தான் நிரூபிக்கிறது. தோட்டாவுக்குள் என்ன இருந்தது என்று தெரிகிறது. நீ கிளம்பும்போது டப்பாவுக்குள் என்ன இருந்தது என்று எப்படித் தெரியும்? கடைசி வாரம் முழுக்க கொட்டகையில் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாய். சாப்பிடக்கூட வரவில்லை. அப்போது உனக்கு என்மேல் இருந்த கோபத்தை நான் மறக்கவில்லை. இதை எழுதும்போதே எனக்கு அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். நினைத்துக்கொண்டு எழுதாமல் விடுவது உன் பழக்கம், என் பழக்கமல்ல.

இந்தப் பக்கம் வெண்டல் வந்து நான் கேட்காமலேயே கிழக்கு வேலியைச் சரிசெய்து கொடுத்தான். வேலை செய்துகொண்டே, "டப்பாவைக் கொட்டிட்டியா?" என்று கேட்டான். "இன்னும் இல்லை" என்றேன். காப்பி குடிக்கும்போது மறுபடி, "எங்கதான் வெச்சிருக்கே அதை?" என்றான். "எதுக்குக் கேக்கறே?" என்றேன். "சும்மாதான். பழைய மருந்து, வீட்டுக்குள்ள வெச்சிருக்கக் கூடாது" என்றான். வீட்டுக்குள் வைத்திருக்கிறேன் என்று நான் அவனிடம் சொல்லவேயில்லை. கொட்டகையில் தேடிப் பார்த்திருக்கிறான்.

போகும்போது அவன் நிரப்பிய தோட்டா ஒரு பெட்டி கொடுத்துவிட்டுப் போனான். அழகான வேலை, எல்லாம் ஒரே உயரம், பித்தளை பளபளக்கிறது. அவன் வண்டி சாலையில் மறைந்ததும் ஒன்றை உருவிக் கொட்டினேன்.

குச்சி.

அதனால் என்ன, ஊரில் பாதிப் பேர் அந்த மருந்தைத்தான் வாங்குகிறார்கள். அவன் தட்டுப்பாட்டுக்கு முன்பே வாங்கி வைத்திருக்கலாம். இப்படியெல்லாம் அவனுக்காக நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உனக்காக நான் இவ்வளவு சொல்லிக்கொண்டதில்லை.

நேற்று கடைக்காரர் கூப்பிட்டு, இரண்டு ராத்தல் வந்திருக்கிறது, ஒன்றுதான் தருவேன் என்றார். ஒன்று உருண்டை, ஒன்று குச்சி. "உருண்டையை எடுத்துக்கம்மா, உன் ரைபிளுக்கு வழுக்கிக்கிட்டுப் போகும், சாயங்காலத்துக்குள்ள நூறு நிரப்பிடலாம்" என்றார். குச்சியை வாங்கினேன், சீல் உடையாத டப்பா. நீ சொன்னதற்காக அல்ல. என் வண்டியில் குளிர்சாதனம் வேலை செய்யவில்லை, ஜூலையில் அதற்குள் ரொட்டி சுடலாம். அதனால் வாங்கினேன்.

நிரப்ப ஆரம்பித்துவிட்டேன். ஒன்றுக்கு ஒரு யுகமாகிறது. குச்சி சிக்கிக்கொள்ளும்போதெல்லாம் உன்னைத் திட்டுகிறேன்.

நோரீன்

*

எல்கோ
மே 22

நோரீன்,

நான் செய்யவில்லை. அந்த வாரம் கொட்டகையில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குள் வந்தால் போக முடியாது என்று தோன்றியது.

இன்னொரு விஷயம். உன் கடைசிக் கடிதத்தில் கையெழுத்து நேராக இருக்கிறது. கோபமாக இருந்தால் உனக்கு எழுத்து வலப்பக்கம் சாயும், களைத்திருந்தால் கீழே இறங்கும். இவ்வளவு ஒழுங்காக எழுதினால் மனதுக்குள் ஏதோ திட்டம் போட்டுவிட்டாய் என்று அர்த்தம். பிரசங்கியாரின் மனைவியின் பொய்யை அம்பலப்படுத்துவதற்கு முன்பும் இப்படித்தான் எழுதினாய்.

என்ன செய்யப் போகிறாய்? அந்த டப்பாவில் இருப்பதை ஒரு துளிகூட ரைபிளுக்குள் போட்டுச் சோதிக்காதே. ரைபிளைக் கட்டி வைத்துக் கயிறு இழுத்துச் சுடலாம் என்றுகூட நினைக்காதே. யார் திருடன் என்பது உன் முகத்தைவிட முக்கியமல்ல.

ஜூனில் எனக்கு விடுப்பு இருக்கிறது. வரட்டுமா வேண்டாமா என்று சொல். ஒரு வரி போதும்.

ராய்ஸ்

*

சினூக்
ஜூன் 2

ராய்ஸ்,

முகம் இருக்கிறது. கண் இரண்டும் இருக்கின்றன. இனி நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை வெண்டலைக் கூப்பிட்டேன். "தெற்கு வயல்ல அணில் ஆடுது, வா, ரெண்டு பேரும் சுடலாம்" என்றேன். சந்தோஷமாக வந்தான். வயல் மேட்டில் அவன் வண்டியை நிறுத்தினான், வண்டிக்கு முன்னால் பாயை விரித்து ரைபிளை அதன் இரண்டு கால் தாங்கியில் நிறுத்தி வைத்தேன். தோட்டாப் பெட்டியைத் திறந்து அவன் பக்கம் நீட்டி, "அந்த வெள்ளை டப்பா மருந்துதான். நேத்து முழுக்க உக்காந்து நிரப்பினேன். முதல்ல நீ சுடு" என்றேன்.

அது பொய். கடையில் வாங்கிய மருந்துதான், ஒவ்வொன்றையும் நானே நிறுத்துப் போட்டது. ஆனால் அவனுக்கு அது தெரியாது.

பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். மறுபடி பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டான்.

"இன்னிக்கு எனக்குக் கண்ணு சரியில்ல, நோரீன். நீயே சுடு. இரு, இரு, நான் குடுத்த தோட்டா இருக்கே, அதைப் போட்டுக்கோ."

"எதுக்கு? இதுவும் நல்ல மருந்துதானே? பட்டையில எழுதியிருக்கே."

"நல்லதுதான். கொஞ்சம் பழசு, அவ்வளவுதான்."

"பழசுன்னா என்ன ஆகும்?"

அவன் வயலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஒண்ணும் ஆகாது."

நான் கவிழ்ந்து படுத்தேன். ஒன்றை உள்ளே தள்ளி போல்ட்டை மூடினேன். கன்னத்தை ரைபிள் கட்டையில் வைத்தேன். என் ரைபிள், என் கையால் நிரப்பிய தோட்டா. ஆபத்து ஒன்றுமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் விசையை இழுக்கவில்லை. ஏனென்றால் நான் காத்துக்கொண்டிருந்தேன். "நில்லு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ராய்ஸ். திருடியதைக்கூட நான் மன்னித்திருப்பேன். இரண்டு வருஷமாக என் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். பசு கன்று ஈன முடியாமல் தவித்தபோது பனியில் என்னோடு மண்டியிட்டு இழுத்தவன்.

பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது. "தெர்மாஸை எடுத்துட்டு வந்துடறேன்." பூட்ஸ் சத்தம் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் நின்றது. நான் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை.

சுட்டேன். அணில் விழுந்தது. போல்ட்டைத் திறந்து கூட்டைத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். வண்டியின் முன்சக்கரத்துக்குப் பின்னால் அவன் தொப்பியின் மேல்பாகம் மட்டும் தெரிந்தது. குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"தெர்மாஸ் இங்க பாய் மேலதான் இருக்கு, வெண்டல்" என்றேன்.

எழுந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்தான், ரைபிளைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான்.

"இது கடையில வாங்கின மருந்து" என்றேன்.

வண்டியின் பம்பர் மேல் உட்கார்ந்துவிட்டான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். குளிர்காலத்தில் ஓநாய்நரி வேட்டைக்கு மருந்து கிடைக்காமல் உன் டப்பாவிலிருந்து எடுத்திருக்கிறான். முதலில் கொஞ்சம், பிறகு முழுசாக. டப்பா லேசாக இருந்தால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று, அவன் அப்பா விட்டுப்போன கைத்துப்பாக்கி மருந்தை ஊற்றி வைத்திருக்கிறான். லேபிளில் உன் மருந்தின் பெயர் இருந்ததால் அதைக் கிழித்துவிட்டு, நீ எழுதியது போலத் தெரியட்டும் என்று பட்டையை ஒட்டியிருக்கிறான். நான் நிரப்பக் கற்றுக்கொள்வேன் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை.

"சொல்லணும்னுதான் இருந்தேன், நோரீன். ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வந்துச்சு."

"இப்பக்கூடவா வாய் வரைக்கும் வந்துச்சு? நான் கன்னத்தை வெச்சப்ப?"

"என்னைத் திருடன்னு நீ நினைச்சுடுவியேன்னு..."

"அதனால சக்கரத்துக்குப் பின்னால போயிட்டே."

ரைபிளையும் பாயையும் எடுத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். அடுத்த நாள் அவன் மாடுகளை வடக்கு மேய்ச்சலிலிருந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டான். நான் சொல்வதற்கு முன்பே. அதையாவது செய்தான்.

அந்த வெள்ளை டப்பா மருந்தைச் சரளைப் பாதையில் நீளமாகக் கோடு போட்டுக் கொட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொளுத்தித் தீர்த்தேன். புல்தரையில் தூவவில்லை. அது அங்கே கிடக்கிறது என்ற நினைப்போடு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

உன்னையும்தான் சந்தேகப்பட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. முதல் கடிதத்திலேயே குச்சி, உருண்டை என்று இரண்டு வார்த்தை சேர்த்து எழுதியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. இன்னொன்றும் சொல்கிறேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. சக்கரத்துக்குப் பின்னால் அவன் குனிந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். அதற்குப் பிறகு இரண்டு நாள் ஒன்றும் சாப்பிடப் பிடிக்கவில்லை.

நீ கேட்ட ஒரு வரி: வா. பதினைந்தாம் தேதிக்குமேல் முதல் அறுப்பு, அறுவடை வண்டி ஓட்ட ஆள் வேண்டும். அதற்குமேல் எதையும் எதிர்பார்த்துக்கொண்டு வராதே. வந்ததும் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்ளவும் கூடாது.

உன்னைக் கூப்பிடுவதற்குக் காரணம் கேட்பாய். பாயில் படுத்துக் காத்திருந்தபோது, வண்டிப் பக்கம் வெண்டலுக்குப் பதிலாக நீ நின்றிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று யோசித்தேன். பேச வேண்டிய நேரத்தில் பேசாதவன் நீ. ஆனால் அன்றைக்குக் கத்தியிருப்பாய், ஓடி வந்து ரைபிளைப் பிடுங்கியிருப்பாய். அதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. வரவைத்துப் பார்த்தேன், அப்போதும் வரவில்லை.

நோரீன்